பொருநைக் கரையின் ஆறு பொழுதுகள்

மாசி மாதம் ஒரு காலைப் பொழுதில் குற்றாலம் பேரருவிக்கு எதிரே நின்றிருந்தேன். அருவி இல்லை. அருவி விழுகிற பாறை மட்டும் இருந்தது. உச்சியிலிருந்து ஒரு முழ அகலத்துக்கு ஈரம் வழிந்து, பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற அந்தப் பள்ளத்துக்குள் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. திறந்திருந்த ஒரு டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டே ஆச்சி கேட்டார்: "தண்ணி இல்லாத அருவிக்கு எதுக்கு தம்பி வந்திய? ஆனி ஆடில வரப்பிடாதா?"

வேறு வேலையாகத் தென்காசி வந்தவன், பக்கம்தானே என்று எட்டிப் பார்க்க வந்திருந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பாறைக்கு அருகே போனேன். அப்போதுதான் அவை கண்ணில் பட்டன. பாறையின் முகத்திலேயே சின்னச் சின்னதாகச் செதுக்கிய சிவலிங்கங்கள். கல்லை வெட்டி எடுத்துவந்து வைத்தவை இல்லை, மலையோடு மலையாக இருப்பவை. நூற்றாண்டுகளாகத் தண்ணீர் விழுந்து விழுந்து ஓரங்கள் மழுங்கி, எண்ணெய் தேய்த்த குழந்தையின் தலைபோல வழவழவென்று இருந்தன.

பள்ளிக்கூட நாட்களிலிருந்து எத்தனையோ தடவை சீசனில் இங்கே வந்து குளித்திருக்கிறேன். இவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகில் அடிவாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் பாறையை எங்கே பார்ப்பது? இன்னொன்றும் தோன்றியது. தண்ணீர் கொட்டும்போது அங்கே நின்று யாரும் உளி பிடித்திருக்க முடியாது. அந்தச் சிற்பி இப்படி ஒரு வறண்ட மாதத்தில்தான் வந்திருக்க வேண்டும். ஆனியில் தண்ணீர் வரும், தன் வேலை மறைந்துபோகும், மறுபடி மாசியில் தெரியும் என்று அறிந்தே செதுக்கியிருக்க வேண்டும்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலம், பொழுது. ஓர் இடத்தைச் சொன்னால் அதன் காலத்தையும் சொன்னால்தான் முழுமை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்ததும் அதற்காகத்தான். இன்று நாம் 'எங்கே போகலாம்?' என்று மட்டும் கேட்கிறோம். 'எப்போது?' என்பதைப் பள்ளி விடுமுறையும் அலுவலக லீவும் முடிவு செய்துவிடுகின்றன. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது ஓர் ஆசை வந்தது. புதிதாக ஆறு ஊர்களைத் தேடிப் போகாமல், ஒரே ஆற்றங்கரைக்கு ஆறு பொழுதிலும் போய்ப் பார்த்தால் என்ன?

இந்த அருவித் தண்ணீரும் கடைசியில் போய்ச் சேர்கிற பொருநை என்கிற தாமிரபரணி அதற்குத் தோதான ஆறு. பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்தக் குறுகிய தூரத்துக்குள் மலை, காடு, வயல், கடற்கரை எல்லாம் இருக்கின்றன. பாலைக்குக்கூடக் குறையில்லை, தேரி இருக்கிறது. 2024 மாசியில், பின்பனிக் காலத்தில், தண்ணீர் இல்லாத அருவியிலிருந்து என் வருடம் தொடங்கியது.

சித்திரை: தேரியில் ஊறும் தண்ணீர்

இளவேனிலுக்குத் தேரிக்காட்டைத் தேர்ந்தெடுத்தேன். சித்திரை வெயிலில் தேரிக்கா என்று திருச்செந்தூரில் அறை கொடுத்தவர் திகைத்தார். விடிவதற்கு முன்பே கிளம்பிக் காயாமொழி தாண்டிக் குதிரைமொழித் தேரிக்குள் நடந்தேன்.

தேரி என்றால் செம்மணல் மேடு. வெகுகாலத்துக்கு முன்பு காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத் துரு ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். களிமண் போல ஒட்டவில்லை, விரலிடுக்கில் மாவாக ஒழுகியது. ஒழுகிய பின் உள்ளங்கையில் குங்குமம் தொட்ட மாதிரி ஒரு சாயல் மட்டும் நின்றது. சூரியன் எழுந்ததும் மேடுகளின் ஒரு பக்கம் தீப்பிடித்தாற்போல் சிவந்தது. மறுபக்கம் இன்னும் கருஞ்சிவப்பாக உறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி ஊர்ந்துபோன வண்டுகளின் தடம் தையல் போட்டது போல நீண்டிருந்தது.

ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுட்டது. ஒரு விடிலியின் நிழலில் ஒதுங்கினேன். கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் கொட்டகையை இங்கே விடிலி என்கிறார்கள். பனையேறி பதநீரை இறக்கிக் கொண்டுவர, அவர் மனைவி அகன்ற சட்டியில் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் எனக்கும் ஊற்றினார். உள்ளே லேசாகச் சுண்ணாம்பு வாசம், மேலே ஓலையின் பச்சை வாசம், நடுவில் அந்த இனிப்பு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் ஏறிச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் கண் அடைத்துக்கொள்ளும்.

சட்டியில் நுரை அடங்கிப் பாகு கெட்டிப்பட்டது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றினார். "வெயில் ரொம்பக் கடுமையா இருக்கேம்மா" என்றேன். "மழ பெஞ்சாத்தான்யா எங்களுக்குக் கஷ்டம். கலயத்துல தண்ணி எறங்கி பதநீ கெட்டுப்போயிரும். இந்த வெயிலுதான் எங்க வெள்ளாம" என்றார்.

அங்கிருந்து அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை செம்மணல், நடுவில் குளுகுளுவென்று ஒரு மரக்கூட்டம், அதற்குள் ஒரு சுனை. கார்த்திகையில் பெய்கிற மழையை இந்த மணல் ஒரு சொட்டு ஓடவிடாமல் குடித்துக்கொள்கிறது. குடித்ததைச் சித்திரையிலும் சுனையாகக் கசியவிடுகிறது. கோடையில் வராமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரின் அருமை எனக்கு விளங்கியிருக்காது.

ஆனி: ஒரே காற்று, இரண்டு ஊர்

நூல்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். கடுங்கோடை. தென்காசியில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். ஆலங்குளம் வரை சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். பாவூர்சத்திரத்தை நெருங்கும்போது வெளிச்சம் மாறும். யாரோ சன்னலுக்கு மெல்லிய திரை போட்டது போல வெயில் மங்கும். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருக்கும். தென்காசியில் இறங்கியதும் முகத்தில் சாரல் விழும். அதை மழை என்று சொல்ல முடியாது, தூறல் என்பதும் பொருந்தாது. காற்றோடு கலந்து பக்கவாட்டில் வரும் நீர்ப்பொடி. குடை பிடித்தும் பயனில்லை. ஐந்து நிமிடம் அடிக்கும், பத்து நிமிடம் வெயில் காயும், மறுபடி அடிக்கும்.

காரணம் மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போது வறண்டுவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலை தாழ்ந்து ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்தக் கணவாய் வழியாக ஈரக்காற்று முழுதும் வறளாமல் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. குற்றாலத்துச் சீசன் என்பது மலை விட்டுவைத்த ஓர் இடைவெளியின் கொடை.

மாசியில் பார்த்த பாறையைத் தேடினேன். வெள்ளை நுரைதான் இருந்தது. ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. சாத்திக்கிடந்த கடைகளெல்லாம் திறந்து, எண்ணெய் மாலிஷ்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரண்டு மூன்று மாத வருமானத்தில்தான் அவர்களுடைய வருடம் நகர வேண்டும்.

அந்தத் தடவை நான் செய்த நல்ல காரியம், அடுத்த நாளே கிழக்கே போனதுதான். கயத்தாற்றைக் கடக்கும்போது காற்றாலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழன்றன. தூத்துக்குடிக்குப் போனபோது உப்பளத்தில் அதே காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் ஈரம் ஒரு பொட்டுக்கூட இல்லை. உதடு வெடித்தது. பாத்திகளில் கடல்நீர் கண்ணெதிரே சுண்டி, ஓரங்களில் வெள்ளைப் படிகம் கட்டியிருந்தது. நீளக் கம்பில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்த பெண்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டு, தலையையும் முகத்தையும் துணியால் மூடியிருந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் அந்தக் கண்களைத்தான் முதலில் பழுதாக்கும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளையும் இந்த மண்ணில், காற்றும் வெயிலும்தான் முதல். அவற்றைத் தாங்குகிற உடம்புக்குக் கிடைக்கும் கூலியோ குறைவு. குற்றாலத்தில் நாம் சிலிர்த்து நிற்கிற அதே நாளில், அதே காற்று நூறு கிலோமீட்டர் தள்ளி இவர்கள் தோலை உலர்த்திக்கொண்டிருக்கிறது. அதை அறிந்துகொண்ட பிறகு சாரலில் நனைவதற்கு இன்னும் கொஞ்சம் அடக்கம் வந்துவிட்டது.

ஆடியில் ஒரு தடவை காரையாறு சென்றேன். ஆடி அமாவாசைக்கு அங்குள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிறார்கள். இந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுப்பகுதி. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக 1988இல் அறிவிக்கப்பட்டது. புலி நடக்கிற காட்டில், வழிவழியாக வருகிறவர்கள் பொங்கல் வைக்கிறார்கள். அந்த உரிமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வர வேண்டும். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. படித்துறைக்குக் கீழே துணிகள் மூட்டை மூட்டையாகச் சேற்றில் புதைந்து கிடப்பதைப் பார்த்தேன். பாவம் போவதற்காக ஆற்றுக்கு வந்தவர்கள் ஆற்றின் மூச்சை அடைத்துவிட்டுப் போகிறார்கள்.

புரட்டாசி: மருத மர நிழல்

கார்காலத்தில் வயலைப் பார்க்கப் போனேன். பொருநைப் பாசனத்துக்கு இரண்டு போகம்: கார், பிசானம். ஜூன் மாதத்தில் அணை திறந்தால் கார். ஐப்பசி மழையை நம்பி நடுவது பிசானம். எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது இந்தப் பக்கத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். காலைப் பேப்பரில் அணை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் மற்ற செய்திக்குப் போவார்கள்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியில் கார் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு வயலில் எந்திரம் ஓட, பக்கத்து வயலில் கொக்குகள் தாளடியில் புழு பொறுக்கின. அங்கிருந்து திருப்புடைமருதூருக்குப் போனேன். கடனாநதி பொருநையோடு சேர்கிற இடம். கரையில் மருத மரங்கள் தண்ணீரைப் பார்த்துக் குனிந்து நிற்கின்றன. அடிமரத்தின் வெளிர் பட்டை உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பு தெரிகிறது. தடவினால் தோலைத் தொட்டது போல் குளிர்ச்சி. வயலுக்கும் வயல் சார்ந்த நிலத்துக்கும் இந்த மரத்தின் பெயரை வைத்தவர்கள் இப்படி ஒரு கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊர்க்காரர்களே முன்னின்று காத்ததால், 2005இல் இந்த ஊர் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

கார்த்திகை: ஆறு ஊருக்குள் வரும் காலம்

ஐப்பசியில் காற்று திரும்பிவிடுகிறது. இனி மழை கிழக்கிலிருந்து, வங்கக் கடலிலிருந்து வரும். பொருநை வற்றாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டு பருவமழையும் அதன் மலைக்கு உண்டு.

கூதிர்காலத்தில் இங்கே சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. நானும் தயங்கித்தான் போனேன். முந்தின வருடம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பேருடன் நின்றுவிட்டது. தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்த நிலையிலும், பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்து அந்தப் பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள்.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போனேன். அது ஆற்றங்கரைக் கோயில் என்பதைவிட ஆற்றுக்குள் இருக்கும் கோயில் என்பதே சரி. கோடையில் படி இறங்கிப் பிராகாரத்தைச் சுற்றி வரலாம். அன்று மண்டபத்தின் தூண்கள் பாதி வரை செந்நிறத் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரையும் உடைமைகளையும் கரைமேல் உள்ள கோயிலுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி மறுபடி அழைத்துவருகிறார்கள். பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "சாமி கோயிலுக்குள்ளேயே தண்ணி வந்துட்டுதே" என்றேன். "அது அதோட எடம். அது வார நேரத்துக்கு நாம வெலகிக்கிடணும். அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார்.

குற்றாலத்துச் சிற்பி நினைவுக்கு வந்தார். அவர் தண்ணீர் இல்லாத காலத்தைப் பார்த்து வேலை செய்தார். இவர்கள் தண்ணீர் வரும் காலத்தைப் பார்த்துக் கோயில் கட்டினார்கள். ஆற்றின் எல்லா முகத்தையும் தெரிந்தவர்கள் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு மாதம் மட்டும் ஆற்றைப் பார்த்தவர்கள்தான் வெள்ளம் போகும் வழியில் வீட்டுமனை போடுகிறார்கள்.

தை: விருந்தாளிகள்

முன்பனிக்குக் கூந்தன்குளம். நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகும்போது இரு பக்கமும் பிசான நெல் பச்சை கட்டியிருந்தது. கார்த்திகை மழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் சேர்ந்து குளம் தளும்பியது. பனி விலகுகிற நேரத்தில், தூரத்துத் தண்ணீரில் சாம்பல் நிறக் கூட்டம் ஒன்று அசைந்தது. வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்புறம் மையால் கிழித்தது போல இரண்டு கறுப்புப் பட்டைகள். திபெத், மங்கோலியப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலைக்கு மேலாகப் பறந்து, குளிர்காலத்துக்கு இந்த ஊர்க் குளம் வரை வருகின்றன.

அதைவிட ஆச்சரியம் ஊருக்குள் இருந்தது. வீட்டு முற்றத்து வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருந்தது. அடியில் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து சுள்ளி விழுந்தது, மீன் துண்டு விழுந்தது, எச்சமும் விழுந்தது. அவர் நகரவில்லை. "நாத்தம் அடிக்காதா அக்கா?" என்று கேட்டேன். "பெத்த பிள்ள பீ நாறும்னு தூக்கிப் போட்டுருவமா? அதுக வந்தாத்தான் மழ ஒழுங்கா பெஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். யாரும் சட்டம் போட்டு ஏற்படுத்திய உறவு இல்லை இது. 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே இருந்தது.

மறுபடி ஆனி

ஆறு பொழுதும் முடிந்து, அடுத்த ஆனியில் திரும்பவும் குற்றாலம் போனேன். பயணம் போக விரும்புகிறவர்கள் இப்போது என்னிடம் இடம் கேட்டால், முதலில் மாதத்தைச் சொல்கிறேன். போன இடத்துக்கே இன்னொரு மாதத்தில் போங்கள் என்கிறேன். அங்கே உள்ளவர்கள் அந்த மாதத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள், ஊர் தானாகப் புரியும் என்கிறேன். வெள்ளக் காலத்தில் விலகி நில்லுங்கள், அருவி சிவந்தால் உடனே வெளியே வாருங்கள் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிருக்கிறது.

டீக்கடை ஆச்சிக்கு அன்று தலை நிமிர நேரமில்லை. பேரருவிக்குள் நுழைந்தேன். தோளிலும் தலையிலும் தண்ணீர் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பாறையைத் தடவினேன். பாசி வழுக்கியது, கல் குளிர்ந்தது, தேடியது மட்டும் கைக்குத் தட்டுப்படவில்லை. பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு பையன் என் காதருகே கத்தினான்: "என்ன சார் தேடுதிய? மோதிரம் விழுந்துட்டா?"

"இங்கே லிங்கம் இருக்கு தம்பி" என்று நானும் கத்தினேன். "மாசியிலே வந்து பாரு."